‘இங்கு அரசியல் பேசாதீர்’: கம்ப்யூட்டர் குழுக்களுக்கு இந்தப் பலகை பொருந்துமா?

விருதுநகர்ப் பக்கம் பழைய டீக்கடைகளிலும் சலூன்களிலும் ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். ‘இங்கு அரசியல் பேசாதீர்’. அதற்கு நேர் கீழே நாலு பேர் தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு அரசியல்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரரும் இரண்டு வார்த்தை சேர்ப்பார். அவருக்கு அந்தப் பலகை தேவைப்படுவது, பேச்சு முற்றிக் கை நீளும்போது மட்டும்தான்.

அதே பலகை இன்று கம்ப்யூட்டர் குழுக்களிலும் தொங்குகிறது. வாட்ஸ்அப்பாக இருந்தாலும் டெலிகிராமாக இருந்தாலும், சேர்ந்தவுடன் கண்ணில் படுவது ‘டெக்னிக்கல் விஷயம் மட்டும். அரசியல், மதம் கூடாது’ என்ற விதி. நான் ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பகுதியைச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஒரு புரோகிராமர் குழுவில் அட்மின்களில் ஒருவன். கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேர் வெப் டிசைன் கற்றுக்கொண்டு உள்ளூரிலேயே தொழில் செய்பவர்கள். மீதிப் பேர் சென்னை, பெங்களூர், கோவையில் வேலை பார்ப்பவர்கள். இந்த விதியால் குழுவில் வராத சண்டை கிடையாது! விதி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன், அரசியல் எங்கே முடிகிறது, டெக்னிக்கல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடிகிறதா என்று பார்ப்போம்.

நெட் வரவில்லை, ரவுட்டரில் கோளாறா?

2018 மே மாதம். நான் அப்போது எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் ஐந்து நாட்களுக்கு இன்டர்நெட்டை நிறுத்தி வைக்கத் தமிழக அரசு உத்தரவிட்டது. எங்கள் விருதுநகர் மாவட்டம் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் எங்களுக்கு நெட் வந்தது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இல்லை. சாத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊர்!

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், சாத்தூர் வரை வந்து சிக்னல் பிடித்த கோவில்பட்டி நண்பன் ஒருவன் கேட்டான்: ‘ரெண்டு நாளா நெட் இல்ல மாப்ள. ஏ.பி.என். செட்டிங் மாத்தணுமா, சிம்ல பிரச்னையா?’ இதற்கு டெக்னிக்கலான பதில் என்ன? சிம்மில் கோளாறு இல்லை, செட்டிங்கில் கோளாறு இல்லை, அரசு உத்தரவால் கம்பெனிகள் நிறுத்தியிருக்கின்றன என்பதுதான். ஒருவன் அதைத்தான் எழுதினான். உடனே இன்னொருவன், ‘பாலிடிக்ஸ் வேணாமே’ என்று கை கூப்பும் பொம்மையைப் போட்டான்.

ஏ.பி.என். செட்டிங்கை மாற்றிப் பார், போனை ரீஸ்டார்ட் செய்து பார் என்று சொல்லியிருந்தால் விதிப்படி அது சரியான பதில். ஆனால் பிரயோஜனமில்லாத பதில். 2014 டிசம்பரிலும் இப்படித்தான் நடந்தது. மத்திய அரசின் உத்தரவால் 32 இணையதளங்கள் முடக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் புரோகிராமர்களின் கருவூலமான கிட்ஹப்பும் இருந்தது. கோட் டவுன்லோட் ஆகவில்லை என்று டி.என்.எஸ். எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் அன்று நாடு முழுக்க இருந்திருப்பார்கள்.

பட்டாசுக் கடையும் ஷாப்பிங் கார்ட்டும்

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். சிவகாசியைச் சுற்றி வெப் டிசைன் செய்யும் பையன்களுக்குப் பெரிய வருமானம் பட்டாசுக் கடை வெப்சைட்டுகள்தான். ஆடி பிறந்தால் ஆர்டர் குவியும். ஒவ்வொரு கடைக்கும் விலைப்பட்டியல், படம், தள்ளுபடி கணக்கு, மொத்தத் தொகை காட்டும் பக்கம். பார்க்க எளிது, ஆனால் சரவெடி, சங்குசக்கரம், புஸ்வாணம் என்று 200 அயிட்டங்களை மொபைலில் சறுக்காமல் காட்டுவதற்கு நல்ல கைவேலை வேண்டும்.

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. பேரியம் உப்பு சேர்த்த பட்டாசு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான், தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது. இ-காமர்ஸ் வெப்சைட்டுகள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக்கூடாது.

டிவி விவாதங்களில் பேரியமும் புகையும்தான் பேசப்பட்டன. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்த ஒரு வரிதான் பேச்சு. ‘பை நவ்’ பட்டன் இருந்த இடத்தில் ‘என்கொயரி’ என்றும் ‘எஸ்டிமேட்’ என்றும் பட்டன்கள் முளைத்தன. வெப்சைட்டில் பட்டியல் போட்டால் கடையிலிருந்து போன் வரும், பேசி முடிவு செய்து கொள்ளலாம் என்ற ஏற்பாடு. இது சட்டப்படி விற்பனையா, விசாரணையா? பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயை இணைக்கலாமா? செய்து கொடுத்த டிசைனர் மீது வழக்கு வருமா? 15,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்து கொடுக்கும் 22 வயதுப் பையனுக்கு இவை ஜாவாஸ்கிரிப்டைவிட அவசரமான கேள்விகள்.

அப்படி ஒருவர் எங்கள் குழுவில் கேட்டார். திருத்தங்கல்காரர். அவருடைய அம்மாவும் அக்காவும் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்கள். கேள்வியோடு சேர்த்து, ‘டெல்லியில இருக்கவங்களுக்கு எங்க பொழப்பு தெரியுமா?’ என்று ஒரு வரியையும் எழுதிவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், குழந்தைக்கு வீசிங் இருப்பவர், அதற்குப் பதில் எழுதினார். அரை மணி நேரத்தில் முப்பது மெசேஜ். இன்னொரு அட்மின் விதியைக் காட்டி எல்லாவற்றையும் அழித்தார். கூடவே பேமென்ட் கேட்வே கேள்வியும் போய்விட்டது.

நான் கவனித்தது இதுதான். ‘அரசியல் வேண்டாம்’ என்ற விதி எல்லோரையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. யாருடைய வேலையில் சட்டமும் உத்தரவும் குறுக்கே வருகிறதோ அவருடைய கேள்விதான் முதலில் ‘அரசியல்’ ஆகிறது. ஹோட்டலுக்கோ ஜவுளிக்கடைக்கோ வெப்சைட் செய்பவருக்கு இந்த வம்பு இல்லை. அவருடைய கேள்வி எப்போதும் சுத்தமான டெக்னிக்கல் கேள்வியாகவே இருக்கும்.

இடையில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குழப்பத்தில் லாபம் அடைபவர்கள் மோசடிக்காரர்கள். சிவகாசிக் கடை என்ற பெயரில் போலி வெப்சைட் திறந்து, முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். தமிழகக் காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவு 2024 தீபாவளிக்கு முன் இதுபற்றி எச்சரிக்கை விட்டது. பாதி விலைக்குப் பட்டாசு என்று வெப்சைட் சொன்னால் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

எழுத்துக்குள் இருந்த சண்டை

‘டெக்னாலஜியில் அரசியல் கிடையாது’ என்று சொல்லும் தமிழ் புரோகிராமரிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். நீங்கள் டைப் செய்யும் எழுத்தின் கதையைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

என் சித்தப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடும் வழக்கம் அங்கே உண்டு. அதற்கு முந்தைய மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வாடிக்கையாளர்கள் விளம்பர வாசகத்தை வாட்ஸ்அப்பில் யூனிகோட் தமிழில் அனுப்புகிறார்கள். அச்சகத்திலோ பழைய பேஜ்மேக்கர், பழைய ஃபான்ட். ‘நீங்க அனுப்புறது கட்டம் கட்டமா வருதுப்பா’ என்பார். கன்வெர்டரில் போட்டு மாற்றி, வரி வரியாகப் பிழை பார்த்தாக வேண்டும். ஓர் எழுத்து மாறினால் அச்சான காலண்டர் மொத்தமும் பழைய பேப்பர்க் கடைக்குத்தான்.

ஏன் இந்தப் பாடு? 1980-களிலும் 90-களிலும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் எழுத்துக் குறியீட்டு முறையை வைத்துக்கொண்டது. ஒருவர் ஃபான்டில் அடித்தது இன்னொருவர் ஃபான்டில் திறக்காது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடு கூட்டிப் பேசினார்கள். சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 கீபோர்டையும் தமிழக அரசு ஏற்றது. அதே காலத்தில் உலகம் முழுக்க இருந்த தமிழ் ஆர்வலர்கள் இ-மெயில் மூலமாகவே பேசிப் பேசி டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டை உருவாக்கினார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1991-இல், யூனிகோட் தன் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது.

அந்த ஒதுக்கீடு எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்திய அரசின் இஸ்கி என்ற தரத்தை அடிப்படையாக வைத்து யூனிகோட் அதைச் செய்தது. எல்லா இந்திய மொழிகளும் ஒரே அச்சில் பொருந்த வேண்டும் என்பது இஸ்கியின் நோக்கம். தேவநாகரியில் ‘க’வுக்குப் பிறகு மூன்று எழுத்துகள் இருந்தால், தமிழிலும் அந்த மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கும். நம் ன, ற, ழ ஆகியவை தமிழ் வரிசையில் இல்லாமல் அந்த அச்சுக்கு ஏற்ற இடத்தில் உட்கார்ந்தன.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘பவளம்’, ‘பழம்’ என்ற இரண்டு வார்த்தைகளை எழுத்தின் குறியீட்டு எண்ணை மட்டும் ஒப்பிடும் ஒரு சின்ன புரோகிராமில் கொடுத்து அகர வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நம் அகராதியில் பவளம் முன்னே, பழம் பின்னே. கம்ப்யூட்டர் பழத்தை முன்னே வைக்கும். ‘மயில்’, ‘மனம்’ என்று கொடுத்தால் மனம் முன்னே வரும். அதேபோல ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஓர் எஸ்.எம்.எஸ்.ஸில் யூனிகோட் தமிழ் என்றால் 70 இடம்தான், அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு.

247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு சாரார் வாதாடினார்கள். அப்படி உருவானதுதான் டேஸ்-16. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. ஆனால் யூனிகோடில் ஒரு கண்டிப்பான கொள்கை உண்டு. ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்தவும் முடியாது, நீக்கவும் முடியாது. 1991-இல் யார் மேஜையில் இருந்தார்களோ அவர்கள் போட்ட கோடு அப்படியே நிலைத்துவிட்டது.

என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு வென்றுவிட்டது, அகர வரிசைக் குறையைச் சரிசெய்ய இன்று லைப்ரரிகள் இருக்கின்றன, புதிதாக சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் அதிலேயே எழுதுவதுதான் நல்லது. ஆனால் ‘தமிழ் ஏன் தேவநாகரியின் அச்சில் உட்கார வேண்டும்?’ என்று கேட்டவர்களை ‘அரசியல் பேசாதே’ என்று வெளியே அனுப்பியிருந்தால் அது டெக்னிக்கலாகவே தப்பு. அகர வரிசை ஏன் தவறுகிறது என்பதற்கான விடை அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

அதே 2010-இல் இன்னொன்றும் நடந்தது. 26 கிரந்த எழுத்துகளைத் தமிழோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவு. கிரந்தத்துக்குத் தனி இடம் கேட்ட வேறொரு முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழ் எழுத்துகளும் கிரந்தத்துக்குள் சேர்க்கப்பட்டிருந்தன. இரண்டும் பக்கம் பக்கமாக டெக்னிக்கல் ஆவணங்கள்தான். விஷயம் வெளியே தெரிந்ததும் தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய முதல்வர் கருணாநிதி நவம்பரில் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். முடிவு தள்ளிப் போடப்பட்டது. கடைசியில் 2014-இல் யூனிகோட் 7.0 பதிப்பில் கிரந்தத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அந்த 26 எழுத்துகள் தமிழுக்குள் வரவில்லை. நம் ழ, ற, ன அங்கே போகவில்லை.

இந்தச் சர்ச்சையில் எல்லாம் அழகாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தைப் பற்றிய பேச்சு, எழுதியவரின் சாதியைப் பற்றிய பேச்சாக மாறிய இடங்கள் உண்டு. அது மாறிய நொடியில் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. அதோடு, பெரியவர்கள் எது நல்ல குறியீடு என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா மாதிரி ஆட்கள் கைக்குக் கிடைத்த ஃபான்டில் அடித்துக் குவித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சுமை இன்னும் இறங்கவில்லை.

ஒரே ராத்திரியில் 300 மெசேஜ்

பலகையை மாட்டுபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதிலாக ‘ரூ’ என்ற எழுத்து வந்தது நினைவிருக்கும். அன்று இரவு எங்கள் குழுவில் 300 மெசேஜ். கட்சித் தலைவர்களின் படங்கள், கேலி, ஏச்சு. பைதான் சந்தேகம் கேட்டு வந்த ராஜபாளையம் மாணவி ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். காலை வரை குழுவைப் பூட்டி வைத்தோம்.

எனக்கு எரிச்சல் தந்தது எதுவென்றால், அந்த 300-இல் ஒன்றுகூட கம்ப்யூட்டர்க்காரன் சொல்லக்கூடியதாக இல்லை. ₹ குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழர், 2010 ஜூலையில் அரசு அதை ஏற்றது, அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோட் 6.0-இல் அது சேர்ந்துவிட்டது, அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 2003-இல், தமிழின் பழைய ரூபாய்க் குறியான ௹ யூனிகோடில் இடம் பிடித்துவிட்டது. இவ்வளவு சுவையான செய்தி கையருகில் இருக்கும்போது எதற்கு ஏச்சு? பெயரையும் எழுத்தையும் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு உணர்ச்சி வருவது இயல்புதான். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் உட்பட 12 கோரிக்கைகளுக்காக 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது விருதுநகரில் தொடங்கிய போராட்டத்தில்தானே. பெயர் மாற 1969 ஆனது.

வெளிநாட்டுக் கம்பெனிகளும் இந்தத் தலைவலியில் தப்பவில்லை. 2020 செப்டம்பரில் காயின்பேஸ் நிறுவனம் அரசியல் பேச்சு வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று அறிவித்து, பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்றது. சுமார் 60 பேர் விலகினார்கள். 2021 ஏப்ரலில் பேஸ்கேம்ப் அலுவலகக் கணக்குகளில் அரசியல் பேசத் தடை போட்டது. அந்தச் சிறு கம்பெனியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போய்விட்டார்கள். 2024 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யாவோடு தொடர்புடைய சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. காரணம் கோடில் தப்பு அல்ல, பொருளாதாரத் தடைச் சட்டங்கள். லினக்ஸைவிட டெக்னிக்கலான குழு எது?

பழைய உதாரணம் ஒன்று இதைவிடச் சுவையானது. விண்டோஸ் 95-இல் நேரத்தை மாற்றும் இடத்தில் உலக வரைபடம் வரும். இந்திய வரைபடத்தில் எட்டு லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்ததில், காஷ்மீருக்கு எட்டு புள்ளிகள் மட்டும் வேறு பச்சை. இந்தியாவில் தடை, இரண்டு லட்சம் பிரதிகள் வாபஸ். 2004-இல் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே சொன்னது இது.

நல்ல விதமாக நடந்ததும் உண்டு. 2015-இல் டிராய் அமைப்பு இன்டர்நெட் சமநிலை பற்றிக் கருத்துக் கேட்டபோது, அந்த நீண்ட ஆவணத்தைப் படித்து எளிமையாக விளக்கியவர்களில் முக்கியமானவர்கள் கம்ப்யூட்டர்த் துறைக்காரர்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இ-மெயில்கள் போயின. 2016 பிப்ரவரியில் வெப்சைட்டுக்கு வெப்சைட் வேறு வேறு டேட்டா கட்டணம் வைக்கக்கூடாது என்று டிராய் உத்தரவிட்டது. அன்று அந்தக் குழுக்களில் பலகை கறாராக இருந்திருந்தால் அந்த விளக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

இப்போது எங்கள் குழுவில்

நாங்கள் விதியை எடுக்கவில்லை, மாற்றினோம். சட்டம், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, வரி, தடை ஆகியவை உங்கள் கோடையோ தொழிலையோ தொடுகிறதென்றால் தாராளமாகக் கேட்கலாம். எந்த உத்தரவு, எந்த ஆண்டு என்று குறிப்பிட வேண்டும். அதைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லலாம். கட்சித் தலைவர் படம், ஃபார்வர்டு மெசேஜ், ஒருவருடைய சாதியையோ மதத்தையோ இழுப்பது என்றால் எச்சரிக்கை இல்லாமல் நீக்கம். அழிக்கும்போது கேள்வியை விட்டுவிட்டு ஏச்சை மட்டும் அழிக்க வேண்டும் என்பது அட்மின்களுக்கான விதி. இதில்தான் வேலை அதிகம். மொத்தமாக அழிப்பதற்கு ஒரு நொடி, பிரித்து அழிக்க ஒரு மணி நேரம்.

திருத்தங்கல்காரரின் கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னோம். இந்த முறை தீர்ப்பின் அந்தப் பகுதியை ஒருவர் தமிழில் சுருக்கிப் போட்டார். ஆன்லைனில் ஆர்டரும் பணமும் எடுக்கும் பக்கத்தைச் செய்து தருவதில்லை, விலைப்பட்டியலும் கடை முகவரியும் உரிம எண்ணும் மட்டும் வைப்பது என்று அவர் முடிவு செய்துகொண்டார். அதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு டிசைனரிடம் போய்விட்டார்கள் என்று சொன்னார். வீசிங் குழந்தையின் அப்பா அவரிடம், அசல் பசுமைப் பட்டாசுப் பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறார். பெட்டியின் மேல் இருக்கும் பச்சை முத்திரையையும் க்யூ.ஆர். கோடையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அதை மொபைலில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் விதத்தையும் இவர் எழுதினார். அந்த மெசேஜைத்தான் இப்போது குழுவின் மேலே பின் செய்து வைத்திருக்கிறோம்.